செயின் கவருக்குள் இருந்தது

ஒண்டிகொப்பல், மைசூர்
ஜனவரி 10, திங்கள்

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

உன் அப்பாஜி எழுதுவது. சாமுண்டித் தாய் கருணையில் நீயும் மாப்பிள்ளை கிரிதரும் குழந்தை துங்காவும் அந்த ஊர்க் குளிரிலும் தும்மல் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த ஆள் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தான் என்று நீ நினைப்பாய். அம்மாதான் எழுதச் சொன்னாள், அவள் ஏன் சொன்னாள் என்பதற்கும் வருகிறேன். முதலில் வீட்டுச் செய்தி. அவரைக்காய் வந்துவிட்டது, தேவராஜ மார்க்கெட் முழுக்க அந்த வாசனைதான், நேற்று நானே உட்கார்ந்து இரண்டு சேர் அவரையைத் தோல் பிதுக்கிக் கொடுத்தேன், அம்மா சாறு வைத்தாள், ராகி முத்தே உருண்டையோடு நன்றாகத்தான் இருந்தது. காலையில் பனி கடுமை. பனி விழுந்தால் அம்மாவுக்கு அந்த வலது கால் இறுகிக்கொள்ளும், உனக்குத் தெரிந்ததுதான், படுக்கையை விட்டு இறங்கி நிலைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் அடுத்த அடி வைக்கிறாள். அதை நான் தினமும் பார்க்கிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தபோது சொன்னாள், ஒன்று அந்த வண்டியை ஓட வையுங்கள், இல்லையென்றால் தூக்கி வெளியே போடுங்கள், இருபது வருஷத்துக்கும் மேலாக என் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிணம் மாதிரி படுதா மூடி நிற்கிறது என்றாள். நம் ஜாவா மோட்டார் சைக்கிளைத்தான் சொன்னாள். தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. ஓட வைக்கவும் பயம். பயம் எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. சரி என்று கௌஸுக்குப் போன் பண்ணினேன், எங்கள் ஜாவா ஃபேக்டரியின் கியர்பாக்ஸ் செக்‌ஷன் கௌஸ் மாமா, நீ சின்ன வயதில் அவர் தாடியைப் பிடித்துத் தொங்குவாயே அவர்தான். மறுநாள் காலையிலேயே டூல் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். படுதாவை விலக்கிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் டேங்குக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது, வாடகை வாங்கினாயா என்று கேட்டார்.

அப்புறம் நான்கு மாதம் நம் பின்பக்கக் கொட்டகை ஒரு சின்ன ஃபேக்டரி மாதிரி ஆகிவிட்டது சுவர்ணா. ஃப்ரேமைத் தனியாகக் கழற்றி மரத்தில் கட்டித் தொங்கவிட்டுத் துருவைச் சுரண்டினோம். டேங்குக்குள் புளித்தண்ணீரும் ஒரு கை பழைய நட்டுகளும் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஆட்டினோம், கோயில் உற்சவ மூர்த்தியைத் தூக்குகிற மாதிரி, இரண்டு கிழவர்களுக்கும் மூச்சு வாங்கியது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தது, ஒன்பது நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினோம். கார்புரேட்டரை அம்மாவின் தயிர்க் கிண்ணத்தில் போட்டுக் கழுவி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்த மெரூன் நிறத்தை பெயின்டர் மூன்று தடவை கலந்தும் எனக்குப் பிடிக்கவில்லை. கௌஸ் கேலி பண்ணினார், ஃபேக்டரியில் என் கியர் பெட்டியை எத்தனை தடவை திருப்பி அனுப்பினான் இந்த ஆள், ரிட்டயர் ஆகியும் புத்தி போகவில்லை, பெயின்டரே உன் தலையெழுத்து என்றார். உண்மைதான். இருபத்திரண்டு வருஷம் நான் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன், என் முத்திரை விழாமல் ஒரு வண்டி வாசலைத் தாண்டியதில்லை, ஒரு நட்டு அரைச் சுற்று குறைந்தாலும் சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பினவன். அந்தப் பெருமையை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். இனிமேல் எழுதப்போவதை அந்தப் பெருமையோடு சேர்த்துப் படி.

எல்லாவற்றையும் கழற்றினேன், செயின் கவரை மட்டும் தொடவில்லை. உனக்குத் தெரியும், ஜாவாவில் செயின் வெளியே தெரியாது, முழுக்கத் தகட்டுக்குள் மூடியிருக்கும். பின்சக்கரம் சுற்றவில்லை, கவரைக் கழற்றாமல் மேலே வேலை நடக்காது. நான் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன், புது ரப்பர் வரட்டும் என்றேன், முதுகு பிடித்துக்கொண்டது என்றேன். நவம்பர் கடைசியில் கௌஸ் பொறுமை இழந்துவிட்டார். என்ன மாதப்பா, கல்யாணப் பெண் முக்காடு மாதிரி அதை மட்டும் தொடவிட மாட்டேன் என்கிறாய் என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு ஒரு மாதிரி நிம்மதிகூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கவரைத் திறந்தார். செயின் முன்பல் சக்கரத்தில் சுருண்டு, மடிந்து, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. காய்ந்த கிரீஸைச் சுரண்டும்போது அடியிலிருந்து அந்தச் செயின் லாக் கிளிப் கிடைத்தது, இரண்டு முனையையும் சேர்க்கிற இணைப்பின் மேல் மாட்டுகிற மீன் வடிவத் தகடு, விரல் நகம் அளவு. அதைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கால் ஒடிந்திருந்தது. மிச்சம் இருந்த காலில் கட்டிங் பிளேயரின் பல் தடம். லூஸாகிப் போன பழைய கிளிப்பைப் பிளேயரில் நசுக்கி இறுக்கினால்தான் அந்தத் தடம் விழும், அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“இதை மாட்டினது யாரு?”

“நான்தான்.”

“லைன்ல உன் முன்னாடி இது வந்திருந்தா?”

“திருப்பி அனுப்பியிருப்பேன்.”

“பொண்ணுக்குத் தெரியுமா?”

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் கிளிப்பை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கை கழுவி, டீகூடக் குடிக்காமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

சுவர்ணா, அந்த யுகாதி உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ நினைவில் வைத்திருப்பது சரியான கதை இல்லை, அதைத் தப்பாக்கிக் கொடுத்தது நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஃபேக்டரி மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, நீ மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருஷம். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் செயின் தளர்ந்துவிட்டது என்று ஒரு கண்ணி எடுத்துக் குட்டையாக்கினேன். அதைச் சேர்க்கப் புது லாக் வேண்டும். வாங்க டவுனுக்குப் போக வேண்டும், எனக்கோ ஃபேக்டரித் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, அங்கே நான் பேச வேண்டும், என் பேச்சைக் கேட்க ஆள் இருந்த ஒரே இடம் அப்போது அதுதான். பழைய கிளிப்பையே எடுத்து மாட்டினேன், அது நிற்கவில்லை, பிளேயரில் நசுக்கினேன். நீ பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பாஜி, இது ஆடுகிற மாதிரி இருக்கே, புதுசு போடலையா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. இங்கே இன்ஸ்பெக்டர் நீயா நானா என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் கவரை மூடிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். பண்டிகை கழிந்து செவ்வாய்க்கிழமை புது லாக் போட்டுவிடலாம் என்று நினைத்தது உண்மை. யுகாதி அன்று காலையில் நீ அம்மாவை ஏற்றிக்கொண்டு வெல்லப் பூரணம் வைத்த ஒப்பட்டு டின்னோடு ஸ்ரீரங்கபட்டணத்துக்குச் சின்னம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, அந்தக் கிளிப்பின் ஞாபகம் எனக்கு வந்தது. வந்தது மகளே. பத்து மைல்தானே என்று வாயைத் திறக்காமல் கேட்டைத் திறந்துவிட்டேன்.

கலஸ்தவாடி வளைவில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஓடுகிற வண்டியில் செயின் கழன்று சுருண்டால் எவன் ஓட்டினாலும் அதுதான் நடக்கும், முப்பது வருஷம் டெஸ்ட் ரைடராக இருந்தவனாலும் அதை நிறுத்த முடியாது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தாய், உள்ளே அம்மாவுக்குக் காலில் கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள், அம்மா தம்பி, உன் சிக்கண்ணா மாமா, எல்லாரும் கேட்கிற மாதிரி பெண்பிள்ளை கையில் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தால் வேறு என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ என்னிடம்தான் கேட்டாய், சத்தமில்லாமல்.

“செயினா அப்பாஜி?”

“செயின் சரியாத்தான் இருந்துச்சு. உனக்குக் கை பழகல.”

இவ்வளவுதான் நான் சொன்னது. நீ அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் நீ சண்டை போட்டிருப்பாய், நான் சொன்னதால் நம்பினாய். நான் அப்போது வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாம் நாள் டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள், விழுந்த அடியில் எல்லாம் வளைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, நீங்கள் யாரும் வீட்டில் இல்லாத மத்தியானத்தில் கவரைத் திறந்து பார்த்தேன். செயின் குவிந்து கிடந்ததும் லாக் விட்டுப்போயிருந்ததும் தெரிந்தது. அதற்கு மேல் கைவிட்டுப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மறுபடி மூடி, ஸ்க்ரூக்களை இறுக்கி, படுதாவைப் போர்த்தினேன். அன்றோடு சரி. அதன் பிறகு அந்தப் பக்கம் போனால்கூட வேறு எங்காவது பார்த்துக்கொண்டு போவேன்.

இன்னொன்றும் இருக்கிறது, கௌஸுக்கும் தெரியாதது, அம்மாவுக்கே போன மாதம்தான் தெரியும். விபத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வந்தார், பெயர் போரேகௌடா, கரும்பு வண்டிக்காரர், அந்த வளைவில் எதிரே வந்தவர். சாலையில் உருண்டு கிடந்த ஒப்பட்டு டின்னைத் துடைத்து எடுத்து வந்திருந்தார். நீ மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார், அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்: “என் வண்டிக்குப் பின்னாடி லாரி வந்துச்சு சாமி. சக்கரம் நின்னு போயும் அந்தப் பொண்ணு வண்டியை அந்தப் பக்கம் போக விடல, புடிச்சு இழுத்து மண்ணுல சாய்ச்சுச்சு. அந்தப் புடியாலதான் ரெண்டு பேரும் உசிரோட இருக்காங்க. எந்திரிச்சதும் அதுகிட்ட சொல்லுங்க.” நான் சொல்கிறேன் என்றேன். டின்னை வாங்கிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சக்கரம் ஏன் நின்றது என்று நீ கேட்பாய்.

அப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு நீ டிப்ளமோவை விட்டாய். வகுப்பில் மூன்று பெண்கள், மூன்றில் நீதான் முதல், லேத்தில் உன் வேலையைப் பார்க்க மூன்றாம் வருஷப் பையன்கள் வந்து நிற்பார்கள் என்று உன் வாத்தியாரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் நம் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து கூப்பிட்டார், நீ அறையை விட்டு வரவில்லை, நான் அவளுக்கு இஷ்டமில்லை சார் என்று சொல்லி அனுப்பினேன். பி.காம். சேர்ந்தாய், கணக்கு வேலைக்குப் போனாய், கல்யாணம் ஆயிற்று, கடல் தாண்டி வினிபெக்குக்குப் போனாய். அம்மா அங்கன்வாடி வேலையை விட்டாள், தரையில் உட்கார முடியாதவள் குழந்தைகளோடு எப்படி உட்காருவாள், நீ அதையும் உன் கணக்கில்தான் எழுதிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். சிக்கண்ணா மாமா மகள் பல்லவி ஸ்கூட்டி கேட்டபோது சுவர்ணாவைப் பார் என்று சொல்லித்தான் மறுத்தார்கள், நான் அந்தக் கூடத்திலேயே காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று வரை நீ கார் ஓட்டுவதில்லை. மாப்பிள்ளை ஒரு தடவை சிரித்துக்கொண்டே, உங்கள் மகள் பனியில் முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்பாளே தவிர ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள் மாமா என்றார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன், அம்மா ஏன் என்று கேட்பாள் என்று. இப்படித்தான் மகளே இத்தனை வருஷமும் ஓடியது. பெரிய வேதனை ஒன்றும் தினமும் இருக்கவில்லை. மறந்துகூட இருந்திருக்கிறேன், மாதக்கணக்கில். அதுதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.

கௌஸ் போன பிறகு நான்கு நாள் கிளிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மா சாப்பிட்டு முடித்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அதை எடுத்து மேஜை மேல் வைத்தேன். இதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், அன்றைக்கு நான் சொன்னேனே என்றாள். அவள் சொன்னது உண்மை. மயக்கம் தெளிந்ததும் முதலில் அவள் சொன்னது, அடியிலிருந்து யாரோ பிடித்து நிறுத்தின மாதிரி ஒரு வெட்டு வெட்டியது, இவள் மெதுவாகத்தான் வந்தாள் என்பதுதான். “உனக்கு அப்ப நினைவு தப்பிடுச்சு ரத்னா, என்னென்னவோ பேசற” என்று நான்தான் அம்மாவின் வாயை மூடினேன். “என் ஞாபகமே எனக்குப் பொய்யின்னு நினைச்சுட்டேங்க. இத்தனை வருஷம். அவ வேகமா போயிருப்பாளோன்னு நானே அவளைத் தப்பா நெனச்சிருக்கேன்” என்றாள். எழுந்து கம்பை எடுத்துக்கொண்டு பூஜை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சமைத்தாள், தட்டு வைத்தாள், மாத்திரையைப் பிரித்து வைத்தாள். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள், இன்னும் அங்கேதான் படுக்கிறாள். பத்தாம் நாள் நான் ஞாயிற்றுக்கிழமை போனில் சுவர்ணாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேண்டாம் என்றாள். ஏன் என்றேன். “போன்ல சொன்னா நீங்க அழுதுடுவீங்க. அவ உங்களைத் தேத்துவா. அவளைத் தேத்த வைக்க உங்களுக்கு உரிமை இல்ல. எழுதுங்க. அவ தனியா உக்காந்து படிக்கட்டும், கத்தணும்னா கத்தட்டும்.” அதனால்தான் இந்தக் கடிதம். அதன் பிறகு எந்த ஞாயிறும் நான் போனுக்கு வராததும் அதனால்தான், கடைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னது எனக்காகச் சொன்ன பொய் இல்லை, உனக்காக.

எழுதும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது, சிக்கண்ணா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவர், அவர் மனைவி, மருமகள், பிரசவத்துக்கு வந்திருந்த பல்லவி, எல்லாரும் இருந்தார்கள், எல்லாரும் இருக்கட்டும் என்றுதான் அந்த நேரம் பார்த்துப் போனேன். சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, இப்போது எதற்கு பாவா பழைய கதை, அக்கா கால் திரும்பி வரப்போகிறதா என்றார். வராது, ஆனால் இந்த வீட்டில் சுவர்ணா பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் பெண்பிள்ளைகளை உட்கார வைத்தீர்கள், அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றேன். அவர் மடித்த செய்தித்தாளை மறுபடி பிரித்துக்கொண்டார். மனிதருக்கும் வயதாகிவிட்டது. பல்லவிதான் எழுந்து வந்து, மாமா, இதை என்னிடம் பத்து வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். வாசல் வரை யாரும் வழியனுப்ப வரவில்லை. அது நியாயம்தான்.

கௌஸ் மூன்று வாரம் கழித்து வந்தார். உள்ளே வராமல் கேட்டில் நின்றே, எழுதிவிட்டாயா என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்புறம்தான் டூல் பெட்டியைத் திறந்தார். புதுச் செயின் வாங்கி வைத்திருந்தோம், புது லாக்கோடு. நீயே மாட்டிவிடு என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “நீயே போடு. இன்னைக்கு நான் இன்ஸ்பெக்டர்.” மாட்டினேன், கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடுகிற பக்கம் பார்க்க. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, நகத்தால் தள்ளிப் பார்த்து, சக்கரத்தைக் கையால் ஐம்பது சுற்றாவது சுற்றிப் பார்த்து, கவரை என்னிடம் கொடுத்தார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, ஏழாவது உதையில் வண்டி எடுத்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. அந்தச் சத்தம் கேட்டு அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நின்றாள். அந்தச் சத்தம் அவளுக்கு என்ன செய்யுமோ என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் வெகுநேரம் கேட்டாள். பிறகு, நல்லா இருக்கு, நிறுத்துங்க, துணியெல்லாம் புகை நாறும் என்றாள்.

வண்டியை நான் ஓட்டவில்லை, ஓட்டப்போவதும் இல்லை. கௌஸ் ஒண்டிகொப்பல் ரவுண்டானா வரை போய் வந்தார், நன்றாக ஓடுகிறதாம். விற்கவும் மாட்டேன், காட்சிக்கு வைக்கவும் மாட்டேன். அதை என்ன செய்வது என்று நீ சொல். உடைத்துப் போடு என்றால் உடைத்துப் போடுகிறேன்.

இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை அம்மாவிடம் காட்டினேன். அதில் கடைசிப் பக்கம் முழுக்க என்னை மன்னித்துவிடு என்று எழுதியிருந்தேன். அவள் பென்சிலால் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டால் சுவர்ணா ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிடும், அவளுக்கு அந்த வேலை வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றாள். அதனால் கேட்கவில்லை. உன் கை பழகின கை சுவர்ணா. பத்தொன்பது வயதில் பூட்டிப்போன சக்கரத்தோடு உன் அம்மா உயிரைக் காப்பாற்றின கை. இதை அன்று சாயங்காலம் அந்த வராந்தாவில் சொல்ல வேண்டியவன் இன்று சொல்கிறேன். தாமதம் என்ற வார்த்தை இதற்குப் போதாது, வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கார் கற்றுக்கொள் என்று உனக்குப் புத்தி சொல்லவும் எனக்கு இனி வாய் இல்லை, அதை நீயும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள். துங்கா ஒரு நாள் கேட்டால் பாட்டி காலுக்கு என்ன ஆயிற்று என்பதை உள்ளபடி சொல், தாத்தா பெயரைக் காப்பாற்ற வேண்டாம்.

சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொப்பரையும் அம்மா கலந்து வைத்திருக்கிறாள், கிரிதரின் அத்தை மகன் இருபதாம் தேதி கிளம்புகிறானாம், அவனிடம் இந்தக் கடிதத்தோடு அதையும் கொடுத்து அனுப்புகிறோம். எள்ளை ஈரம் படாமல் பாட்டிலில் போட்டு வை. குழந்தைக்குக் காதில் துணி கட்டாமல் வெளியே அனுப்பாதே. சாமுண்டித் தாய் உன்னையும் உன் வீட்டையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாளாக, உன் கை தொட்டதெல்லாம் நன்றாக ஓடட்டும், தீர்க்காயுசாக இரு. ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை எடுப்பாள். நான் பின்பக்கம் இருப்பேன். நீ கூப்பிடச் சொன்னால் வருகிறேன், சொல்லாத வரைக்கும் வரமாட்டேன், எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பாஜி
மாதப்பா